சேகரின் பாறைகளும் என் சுவரும்

மார்க்கம் வீதியில் நடந்துகொண்டிருக்கிறேன். பின்னால், வோபர்ன் மண்டபத்தில் சேகர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறான். அவுஸ்திரேலியப் பழங்குடி மக்களின் பாறை ஓவியங்களை ஆராய்கிற தொல்லியலாளன். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். நான் ஒன்பதாம் வகுப்போடு கிளம்பிவிட்டேன். திரையில், பாறையில் பதித்த செங்காவிக் கை ஒன்று விரிந்ததும் சனம் கைதட்டியது. எனக்கு வயிறு எரிந்தது. எழுந்து வந்துவிட்டேன். எரிச்சலுக்கு நடை நல்லது.

வழியில் ஒருவன் கடைச் சுவருக்குத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தான். நனைந்த சீமெந்தின் மணம் வந்தால் எனக்கு எப்போதும் யுத்தம் முடிந்த வருடம்தான்.

அப்போது சேகர் ஒரு மாநாட்டுக்கு வந்து என் நிலக்கீழ் அறையில் தங்கினான். எனக்கு வேலையில்லை. பாங்கொக்கில் கோப்பை கழுவி, ஜேர்மனியில் பூ விற்று, கடைசியாக இந்த நாட்டுக்கு வந்து, தொழிற்சாலை மூடியதால் சும்மா நின்றேன். தம்பி குமரன் வன்னியில் செல்லடியில் போய்விட்டான் என்று செய்தி வந்திருந்தது. உடலும் இல்லை, படமும் இல்லை. ரயில் பாலத்தடிச் சுவரில் இங்குள்ள தமிழ்ப் பெடியள் இறந்தவர்களின் பெயர்களை எழுதியபோது, அவன் பெயரை நானே சிவப்பு மையால் எழுதினேன். அவனுக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

சேகருக்கு அதைக் காட்டினேன். அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

"தொடமாட்டன் மச்சான், பழகிப்போச்சு. அங்க ஒவ்வொரு படத்துக்கும் உரிமைக்காரக் குடும்பம் இருக்கு. மங்கினால் அவைதான் திரும்பத் தீட்டலாம். வேற ஆள் கை வைக்கேலாது."

"கல்லைப் பாக்க உனக்குச் சம்பளம்."

"வெயிலுக்கும் சேர்த்துத்தான் தாறாங்கள்."

சிரித்தேன். பொறாமை சம்பளத்தில் இல்லை. அவன் பாறைகள் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக நிற்கின்றன. யார் தொடலாம் என்பதற்குக்கூட அங்கே ஒரு ஒழுங்கு. என் சுவருக்கு யார் இருக்கிறார்கள்?

அன்று பின்னேரம் வேலை பிடித்துக் கொடுப்பவர் போன் எடுத்தார். "அண்ணை, சுவர் கழுவுற வேலை. நாளைக்குக் காலமை வாறியளோ?"

"ஓம், வாறன்." வாடகை கட்ட வேண்டும்.

அந்தப் பாலம் இன்று இல்லை. இடித்து அகலமாகக் கட்டிவிட்டார்கள். மறுநாள் காலை எங்களை ஏற்றிவந்த வான் அதன் கீழேதான் போய் நின்றது. கூட வந்த பெடியன் தண்ணீர்க் குழாயைத் தூக்கிக்கொண்டு சிவப்பு எழுத்தை நோக்கிப் போனான்.

"உந்தப் பெயரை மட்டும் விடு. என்னட்டைத் தா."

"ஏனண்ணை?"

"அது என்ர தம்பி."

அவன் குழாயைத் தந்தான். மற்றப் பெயர்களை அவன் கழுவினான். குமரனை நான் கழுவினேன்.