பதுளை வண்டியில் பெண் பார்த்தது

மாத்தளைக்காரிக்கு மலை என்ன புதிதா என்று என் தங்கச்சி இன்றைக்கும் கேட்பாள். நியாயமான கேள்விதான். எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்று பல் விளக்கினால் ரிவர்ஸ்டன் பக்கத்து முகடுகள் தெரியும். அவை தெரியாத நாளில் மூடுபனி தெரியும். ஆனால் மலையைக் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பது வேறு, அதன் தோளில் ஏறி உட்கார்ந்து ஊர்வலம் போவது வேறு. அந்த வித்தியாசம் எனக்கு விளங்கியது ஐம்பதுகளின் கடைசியில், என்னைப் பெண் காட்டுவதற்காகப் பதுளை ரயில் வண்டியில் கூட்டிக்கொண்டு போன அன்றைக்கு.

வண்டியில் வைத்துப் பெண் காட்டுவார்களா என்று கேட்கலாம். வேறு வழியில்லாமல் போயிருந்தது. அதற்கு முன் மூன்று இடம் வந்து தட்டிப் போயிற்று. முதல் மாப்பிள்ளை என்னைவிடக் கட்டை. இரண்டாவது இடத்துக்காரர்கள் எனக்குச் சமைக்கத் தெரியுமா என்று விசாரித்தார்கள். மாப்பிள்ளைக்குத் தெரியுமா என்று நான் திருப்பிக் கேட்டுவிட்டேன். மூன்றாவது இடத்தைக் கோயிலில் வைத்துப் பார்த்தோம். நாங்கள் வீடு திரும்புவதற்குள் அவர்கள் வேண்டாமென்று சொன்ன செய்தி தெருவுக்கு வந்து சேர்ந்திருந்தது. அப்பாவுக்கு மாத்தளைக் கடைத்தெருவில் புடவைக்கடை. நாவுலயிலிருந்து சேலை எடுக்க வந்தவள்கூட, மூத்ததுக்கு இன்னும் ஒன்றும் கூடிவரவில்லையா முதலாளி என்று துக்கம் விசாரித்துவிட்டுத்தான் விலை கேட்பாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது, வருத்தம் வரவில்லை. ஆனால் தங்கச்சி என்னைவிட ஒன்றரை வயதுதான் இளையவள். கண்டியில் அவளுக்கு ஒரு நல்ல இடம் காத்துக்கொண்டிருந்தது. மூத்தவள் நகராமல் இளையவள் நகர முடியாது. நாலாவதும் தட்டிப் போனால் அவளும் என்னோடு சேர்ந்து வீட்டில் உட்கார வேண்டியதுதான் என்று அம்மா சொல்லிச் சொல்லி என் காது புளித்துவிட்டது.

அப்போதுதான் தரகர் இந்த யோசனையைச் சொன்னார். மாப்பிள்ளை வீடு பண்டாரவளை, காய்கறி வியாபாரம். மாப்பிள்ளையும் தாயாரும் ஹட்டனில் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டு ஊர் திரும்புவார்கள். நாங்கள் ஹப்புத்தளையில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போவதாகக் கிளம்ப வேண்டும். ஒரே பெட்டி. ஆனால் ஒருவரை ஒருவர் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது, பேசவும் கூடாது. பிடித்திருந்தால் மாப்பிள்ளையின் தாயாரே எழுந்து வந்து பெண்ணின் தலையில் பூ வைப்பார். பூ வைத்தால் வைத்ததுதான், பேச்சு மாறாது. பிடிக்காவிட்டால் நாங்கள் பாட்டுக்கு ஹப்புத்தளையில் இறங்கிவிடலாம். ஈ காக்கைக்குத் தெரியாது. அப்பா மகிழ்ந்து போய், பெண் பச்சைச் சேலை கட்டியிருப்பாள் என்று அடையாளம் சொல்லி அனுப்பினார்.

பெண் பார்க்கும் இடத்தில் இளையவளைக் கண்ணில் காட்டக் கூடாது என்பது எல்லா வீட்டிலும் உள்ள விதி. ஆனால் அவளை மட்டும் விட்டுவிட்டுப் போனால் ஏன் எதற்கு என்று தெருவே கேட்கும். ஆகவே அவளும் வரட்டும், பெட்டியின் அந்தக் கோடியில் தனியாக உட்கார்ந்துகொள்ளட்டும் என்று முடிவானது. இதில் ஒரு விஷயம் எங்கள் நாலு பேருக்குமே உறைக்கவில்லை. புடவைக்கடைக்காரர் வீட்டில் பெண்களுக்கு எப்போதும் ஒரே சுருளிலிருந்துதான் துணி கிழிப்பார்கள். பாவாடை கட்டிய காலத்திலிருந்து நானும் அவளும் ஒரே நிறத்தில்தான் நடமாடினோம். அந்தத் தீபாவளிக்கு எடுத்தது இரண்டு பச்சைச் சேலை. விடியற்காலையில் அம்மா பெட்டியைத் திறந்து இரண்டையும் எடுத்துக் கொடுத்தாள், இருவரும் கட்டிக்கொண்டோம். எங்கள் கண்ணுக்கு அது வித்தியாசமாகவே படவில்லை.

மாத்தளையில்தான் ரயில் பாதை முடிகிறது. அதனால் அங்கே ஏறுகிறவர்களுக்கு இடம் பிடிக்கும் சண்டையே கிடையாது. நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். உக்குவளை தாண்டியதும் கொக்கோ மரங்களும், பலா மரத்தில் ஏறிய மிளகுக் கொடியும், படிப்படியாக இறங்கும் வயல்களும் வந்தன. அதுவரை எல்லாம் தெரிந்த முகங்கள்தான். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் மகாவலி கீழே அகலமாகப் போனது. கண்டியில் அடுத்த வண்டிக்கு நேரமிருந்ததால் அப்பா எங்களைக் குளக்கரைக்குக் கூட்டிப்போனார். காலை வெயில் இன்னும் தண்ணீரில் இறங்கவில்லை. சுற்றியிருந்த குன்றுகள் தலைகீழாகக் குளத்துக்குள் நின்றன. நான் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். முகம் கறுத்துப்போகும் வா என்று அம்மா இழுத்தாள்.

பேராதெனியச் சந்தியில் ஏறிய பதுளை வண்டியில் கூட்டம். தங்கச்சி தனியாக உட்காரும் திட்டம் அங்கேயே போயிற்று. எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் அவளை இடுக்கிக்கொண்டோம். நாவலப்பிட்டியில் பின்னால் இன்னொரு எஞ்சினைக் கோத்தார்கள். அதற்குப் பிறகு வண்டி ஓடவில்லை, ஏறியது. வளைவுகளில் ஜன்னல் வழியே பார்த்தால் எங்கள் வண்டியின் தலையும் வாலும் ஒரே நேரத்தில் தெரிந்தன. தங்கச்சிக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் கொடு அக்கா என்று முனகினாள். கொடுக்கவில்லை. பெண் நான்தானே, ஜன்னலோரம் இருக்கட்டும் என்று தரகர் சொல்லியிருக்கிறார் என்று சட்டம் பேசினேன். அவள் தலையைத் தொங்கப்போட்டு, கண்ணை மூடிக்கொண்டாள்.

ஹட்டனில் அவர்கள் ஏறியது எனக்குத் தெரியும். அம்மா என் முழங்கையில் கிள்ளியதால் தெரியும். எதிர்ப்பக்கத்து இருக்கை, ஓர் அம்மாள், ஒரு கூடை, ஓர் ஆண்பிள்ளைச் செருப்பு. அவ்வளவுதான் ஓரக்கண்ணில் பட்டது. குனிந்த தலை நிமிராமல் இருக்க வேண்டும் என்று மூன்று நாளாக எனக்குப் பாடம் நடந்திருந்தது. நானும் சிங்கமலைச் சுரங்கம் வரைக்கும் அப்படித்தான் இருந்தேன். இருட்டு வந்து, புகை வந்து, எல்லோரும் இருமி முடித்து வெளிச்சம் வந்தபோது என் தலை ஜன்னலுக்கு வெளியே இருந்தது.

அதற்கு நான் என்ன செய்ய? தலவாக்கலைக்கு முன்னால் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் ஓர் அருவி. அப்பா கடையில் வெள்ளைமல் துணியை ஒரே உதறலில் மேசை நீளத்துக்கு விரிப்பாரே, அப்படி விழுந்தது. வண்டி வளைய வளைய அது மறைந்து மறைந்து திரும்ப வந்தது. மலை முழுக்கத் தேயிலை. சீவி வகிடெடுத்த தலை மாதிரி வரிசை வரிசையாக. அந்தச் செங்குத்தான இடத்தில் கூடையோடு நின்ற பெண்களைப் பார்த்து, இவர்களுக்குக் கால் வழுக்காதா என்று மலைத்துப்போனேன். நானுஓயா தாண்டியதும் குளிர் கன்னத்தைக் கடித்தது. அம்பேவலப் பக்கம் பனிக்குள்ளே ஒரு நீர்த்தேக்கம் வந்து போனது. கரை தெரியவில்லை, அக்கரையும் தெரியவில்லை. தண்ணீர் எங்கே முடிந்து வானம் எங்கே தொடங்குகிறது என்று நான் தேடிக்கொண்டிருக்கையிலேயே அது போய்விட்டது. அம்மா கிள்ளிய கிள்ளில் என் கை சிவந்திருந்தது.

பட்டிப்பொலையில் தூறல். வண்டி மறுபடி ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்தது. அந்தச் சுரங்கத்தின் இந்தப் பக்கம் மழையென்றால் அந்தப் பக்கம் வெயில் என்று மாமா சொல்லியிருந்தார். மாமா பொதுவாகக் கதை அளப்பவர் என்பதால் நான் நம்பவில்லை. சுரங்கத்தை விட்டு வெளியே வந்தோம். வெயில். அதுவும் எப்பேர்ப்பட்ட வெயில்! காலுக்குக் கீழே பூமியே இல்லை. அடியில், வெகு அடியில், மஞ்சள் புல் மூடிய குன்றுகள், அவற்றுக்குப் பின்னால் நீல மலைகள், அதற்கும் பின்னால் சாம்பல் மலைகள். மேகம் எங்களுக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இதற்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், பண்டாரவளையோ எதுவோ, இங்கேயேதான் நான் வாழ வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. மூன்று இடம் தட்டிப் போனபோதும் வராத பயம் அப்போதுதான் வந்தது. இது தட்டிப் போய்விட்டால்? ஹட்டனுக்குப் பிறகு முதல் தடவையாகப் பெட்டிக்குள் திரும்பினேன்.

எதிரிலிருந்த அம்மாள் கூடையைத் திறந்து, வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்து, ஹட்டன் கோயில் வாசலில் வாங்கிய மல்லிகைச் சரத்தோடு எழுந்து வந்தார். முகம் நிறையச் சிரிப்பு. வந்தவர் என்னை விட்டுவிட்டு, அம்மாவைத் தாண்டிக் கையை நீட்டி, என் தங்கச்சியின் தலையில் பூவை வைத்தார்.

பச்சைச் சேலை, குனிந்த தலை, மூடிய கண். ஹட்டனிலிருந்து அவ்வளவு அடக்கமாக உட்கார்ந்திருந்த பெண் வேறு யார்? தங்கச்சி கண்ணைத் திறந்து திருதிருவென்று விழித்தாள். வாயைத் திறந்தால் வாந்தி வந்துவிடும் என்பதால் வாயில் கொழுக்கட்டை வைத்தவள் போல இருந்தாள். அப்பா எழுந்தார், உட்கார்ந்தார். தெரியாதவர்களாக இருப்போம் என்று வாக்குக் கொடுத்திருந்தாரே, மனுஷன் வாக்குத் தவறமாட்டார். மூத்தவளை வைத்துக்கொண்டு இளையவளுக்குப் பூ வைத்தாயிற்று என்றால், பிறகு மூத்தவளைக் கேட்டு ஒருவரும் படியேற மாட்டார்கள். பூ வைத்தால் வைத்ததுதான்.

கல்யாணப் பெண் வாயைத் திறக்கிற வழக்கம் எங்களில் இல்லை. நான் திறந்தேன்.

"அம்மா, அது என் தங்கச்சிங்க. நீங்க பாக்க வந்த பொண்ணு நான்தான்."

பெட்டியே எங்களைப் பார்த்தது. அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீயா? நீ இந்தப் பக்கம் திரும்பவே இல்லையே. நான் ஒன்ன ஊர் பாக்க வந்த புள்ளைன்னுல்ல நெனச்சேன்."

அவர் எனக்கு எதிரே இருந்தவரைக் கொஞ்சம் நகரச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தித் தன் மூத்த மருமகளைப் பற்றிச் சொன்னார். வெயில் ஊர்ப் பெண்ணாம். பண்டாரவளைக் குளிரையும் பனியையும் பார்த்துப் பார்த்து அழுது, புருஷனையும் கூட்டிக்கொண்டு ஊருக்கே போய்விட்டாளாம். அதனால்தான் இந்தத் தடவை வாயில்லாத, அடங்கின பிள்ளையாகப் பார்த்தாராம். சொல்லி முடித்துவிட்டு என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். கன்னத்தில் கரித்தூளும் கண்ணீரும் கலந்து நான் எப்படி இருந்தேனோ தெரியாது.

"மலையப் பாத்தே, தண்ணியப் பாத்தே. என் மகனப் பாத்தியா?"

"இல்லீங்க. இனிமேதான் பாக்கணும்."

அவர் சிரித்தார். அப்பாவும் அப்போதுதான் மூச்சு விட்டார் என்று நினைக்கிறேன். தங்கச்சி அவசரமாகத் தலையிலிருந்த பூவை எடுக்கப் போனாள். அந்த அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வைத்த பூவை எடுக்கக் கூடாது, அது அவளுடைய நல்ல காலத்துக்கு இருக்கட்டும் என்றார். ஆனால் கூடையில் வேறு பூ இல்லை. வண்டி ஒஹிய நிலையத்தில் மெதுவாக நின்றது. அவர் மகன் பக்கம் தலையைத் திருப்பி, "எறங்கிப் போயி ஒரு பூ கொண்டாடா" என்றார்.

அந்தக் குளிரில் மல்லிகைக்கு எங்கே போவது? ஆனால் மலைநாட்டு ஸ்டேஷன் மாஸ்டர்கள் பிள்ளை வளர்ப்பது போலப் பூ வளர்ப்பார்கள். மேடையின் கோடியில் வெள்ளைக் கல் அடுக்கிய ஒரு பாத்தி, அதில் டேலியாப் பூக்கள். நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியபோது ஒரு முதுகு அதை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. பூவைப் பறிக்கவும் ஸ்டேஷன் மாஸ்டர் சிங்களத்தில் கத்திக்கொண்டு வெளியே வரவும் சரியாக இருந்தது. அந்த முதுகு ஓடியபடியே சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டது, அம்மா கேட்டாங்க என்று தன் தாயாரையும் மாட்டிவிட்டது. கார்டு விசில் ஊதினார். வண்டி நகர்ந்தது. முதுகு திரும்பியது.

கையில் சிவப்பு டேலியாவோடு, மூச்சு வாங்க, ஜன்னலுக்கு நேரே ஓடி வந்தார். சிரிப்பை அடக்க முடியாத முகம். நல்ல முகம். நான் கையை வெளியே நீட்டினேன். பூவை என் கையில் வைத்துவிட்டு அடுத்த பெட்டியின் படியில் தாவி ஏறிக்கொண்டார். பூவை நான் மாமியாரிடம் கொடுத்தேன். மாமியார் என்று அப்போதே நினைத்துவிட்டேன். சாசர் அகலத்துக்கு இருந்த அந்தப் பூவை அவர் என் கொண்டையில் செருகியதும் என் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

பிறகு பெட்டி மாறி அவர் உள்ளே வந்து எதிரில் உட்கார்ந்தார். தங்கச்சிக்கு ஜன்னலோரத்தைக் கொடுத்தேன். ஹப்புத்தளை வரும் வரைக்கும் நான் வெளியே பார்க்கவே இல்லை.