சாய்ந்த கோடு போட்ட பொத்தான்

திருவண்ணாமலையில் நான் வேலை பார்த்த கல்லூரி ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, பன்னிரண்டு வருஷமாக டைப்ரைட்டர் தட்டிக்கொண்டிருந்த எனக்கு அதைத் தொடவே பயமாக இருந்தது. அதுவரை பார்த்தே இராத குறிகள் அதன் பொத்தான்களில் இருந்தன: இடப்பக்கம் சாய்ந்த கோடு, நட்டுவைத்த குச்சி மாதிரி ஒன்று, அலை மாதிரி ஒன்று. எதற்கென்று மேனேஜரைக் கேட்டேன்.

"தெரியாதத தொடாதீங்கம்மா, உள்ள இருக்கறதெல்லாம் அழிஞ்சிடும்" என்றார். அவருக்கும் தெரியாது என்பது முகத்திலேயே தெரிந்தது.

செருப்பை வெளியே விட்டுவிட்டு, அந்த ஏசி அறையில் ஒரு மாதம் உட்கார்ந்து மாணவர் பட்டியல் முழுவதையும் அடித்தேன். கடைசி நாள் சுண்டுவிரல் சாய்ந்த கோட்டில் பட்டுவிட்டது. திரையில் விழுந்த கோட்டை அழித்துவிட்டு, யாரிடமும் மூச்சு விடவில்லை.

மறுநாள் மேனேஜர் 101ஆம் எண் மாணவரைத் தேடச் சொன்னார். இல்லை என்றது கம்ப்யூட்டர். 112? இல்லை. 150? அதுவும் இல்லை.

"இன்னாத்தம்மா தொட்டீங்க?"

"ஒண்ணும் தொடல சார்."

"நாளைக்கி மெட்ராஸ்லேர்ந்து கம்ப்யூட்டர் கம்பெனி ஆளு வராரு. உங்க மேல தப்புன்னா வேற டைப்பிஸ்ட் பாத்துக்குவாங்க, என் கையில ஒண்ணும் இல்ல."

படுக்கையில் கிடந்த அப்பாவுக்குக் கஞ்சியும் மருந்தும் என் சம்பளத்தில்தான். அன்று சாயங்காலம் கஞ்சி ஊட்டும்போது நினைப்பெல்லாம் ஆபீசில் இருக்க, அவர் மேலெல்லாம் கொட்டினேன். அண்ணாமலையாரிடம் வேண்டிக்கொள்ளலாமென்றால், கம்ப்யூட்டரைப் பற்றி அவரிடம் என்னவென்று சொல்வது?

மெட்ராஸ்காரர் வந்ததும் பயத்தில் நானே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்தார்.

"அந்தக் கோடு எதையும் அழிக்காதுங்க. எந்த ஃபைல் எங்க இருக்குதுன்னு வழி சொல்றதுக்குத்தான் அது."

"அந்த அலை?"

"அத நானே தொட்டதில்ல."

பிறகு 235 என்று தேடினார். வந்தது. 231 வரவில்லை. திரையில் மூக்கு இடிக்கும்படி குனிந்து பார்த்தவர், "ஒண்ணுக்கு எந்தப் பொத்தான அடிப்பீங்க?" என்றார்.

என் மோதிர விரல் தானாகப் போய் ஆங்கிலச் சின்ன 'எல்' (l) எழுத்தைத் தொட்டது. எங்கள் பழைய டைப்ரைட்டரில் ஒன்றுக்கென்று பொத்தானே கிடையாது. அந்த 'எல்' எழுத்தைத்தான் அடிப்போம், காகிதத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது.

திருத்துவதற்கு மேனேஜர் மூன்று நாள் கொடுத்தார். அதற்குப் பிறகு அலையும் குச்சியும் என்னைப் பயமுறுத்தவில்லை. பயமெல்லாம் என் மோதிர விரல் மேல்தான். ஒவ்வொரு ஒன்றுக்கும் அது 'எல்' பொத்தானுக்கே ஓடியது. பன்னிரண்டு வருஷம் அப்பாவுக்கும் எனக்கும் சோறு போட்ட விரல். மூன்றாம் நாள் அதைப் பக்கத்து விரலோடு சேர்த்து நூலால் கட்டிக்கொண்டுதான் வேலையை முடித்தேன்.