சில்லுக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜையன்று ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் கல்லூரி ஆய்வகத்தில் ஆராய்ச்சி மாணவனான நானும் எலக்ட்ரீஷியன் அண்ணனும் இருந்தோம்; பேராசிரியர் ஊரில் இல்லை. அண்ணன் ராஜபாளையத்துக்காரர், நரைத்த மீசை, சட்டைப்பையில் எப்போதும் டெஸ்டர். எந்த மிஷினையும் தட்டிக்கொடுத்து, "வேலையப் பாருப்பா" என்ற பிறகுதான் சுவிட்சைப் போடுவார். என்னை எப்போதும் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தவர் மைக்ரோஸ்கோப்பின் அடியில் இருந்த கண்ணாடிச் சில்லைப் பார்த்தார்.

"இது என்ன தம்பி?"

"உள்ள முடி கனத்துல குழாய் இருக்குண்ணே. எண்ணெயில நீர்ச்சொட்டு ஓடும். ஒவ்வொரு சொட்டுலயும் ஒரு புது மருந்து செஞ்சு, கிருமி சாகுதான்னு பாப்போம்."

"அம்புட்டு வேலை செய்யுதா? அப்ப இதை மட்டும் விட்டா கோவிச்சுக்காதா?"

குழாயின் வாய்த் துளைக்குப் பக்கத்தில் பொட்டு வைத்தார். நானும் கும்பிட்டேன். விடுமுறை முடிந்து, பொட்டைத் துடைக்க மனசில்லாமல் அப்படியே சோதனையை ஓட்டினேன். சந்தனத் துகள் குழாய்க்குள் போய், சொட்டுகள் ஒன்றோடொன்று கலந்து, ஒரு வாரம் தயாரித்த மருந்தெல்லாம் வீணானது.

"எந்த மடையன் இதுல பொட்டு வச்சான்?" என்றார் பேராசிரியர்.

வாசலில் நின்ற அண்ணன், "நாந்தான் சார்" என்றார். நானும் கும்பிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

புதுச் சில்லு வந்துவிட்டது. போன வாரம் பியூஸ் மாற்ற வந்த அண்ணன், "செத்த தள்ளிக்கிடுங்க சார்" என்றார். என்னைத்தான் சொன்னார்.