என் இரண்டு கைகளும் எதைப் பிடித்திருந்தன

திருமண நாளுக்காக அரிமளத்திலிருந்து நானும் மனைவியும் கட்டுமாவடிக்குப் போனோம். திமிங்கலம் காட்டுகிறேன் என்று அவளிடம் பீற்றிக்கொண்டு படகு பிடித்தேன்.

"இங்கிட்டு ஆழம் பத்தாதுண்ணே, திமிங்கலம் வராது. கெடைச்சா கடல்பசு பாக்கலாம்" என்றார் படகுக்காரர். நாலு புத்தகம் படித்தவனாயிற்றே, அவருக்கே கடலைப் பற்றி வகுப்பெடுத்தேன்.

தூரத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ முதுகு தெரிந்தது. "எந்திரிக்காதீங்கண்ணே!" என்று அவர் கத்துவதற்குள் போனோடு எழுந்து ஓரத்துக்குப் பாய்ந்தேன். படகு சாய்ந்து மனைவி கடலில் விழுந்தாள். படகுக்காரர்தான் குதித்துத் தூக்கினார். அதுவரை நான் இரு கைகளாலும் போனை நனையாமல் உயர்த்திப் பிடித்திருந்தேன். முதுகென்று நினைத்தது மிதந்துவந்த பிளாஸ்டிக் டிரம்.

"போனு நனையலையேங்க?" என்றாள் அவள், இருமலுக்கு நடுவே.

இப்போதெல்லாம் படகில் ஏறியதும் அவளைப் பிடித்துக்கொள்ளத்தான் கையை நீட்டுகிறேன். அவளோ படகுக்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறாள்.