தறி நின்ற நாளில் ஒலித்த பெட்டி

என் மனைவியின் செவியில் மிஞ்சியிருக்கும் கேட்கும் திறனும் ஓரிரு ஆண்டுகளில் போய்விடக்கூடும் என்று மருத்துவர் சொன்னார். முப்பது ஆண்டுகள் விசைத்தறிக்கு நடுவே நின்றவள் அவள். தடித்த ஓசைகள் அவளுக்குக் கேட்கின்றன. ககரமும் சகரமும் தகரமும் கேட்பதில்லை. நான் பூசையில் பதிகம் ஓதும்போது என் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். செவிக்கருவி ஒன்று வாங்கிக் கொடுத்தோம். அது அண்டை வீட்டுத் தறியையும் சேர்த்துப் பெருக்கிக் காட்டியதால் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டாள்.

“அது கெடக்கட்டுமுங்க. நீங்க சொல்றது ஒருவாட்டி முழுசா கேட்டாப் போதும்” என்றாள்.

வழிபாட்டில் ஒலிபெருக்கியை நான் என்றும் விரும்பியதில்லை. பதிகம் பாடிய பெரியோர் வெறுங்குரலோடு ஊர் ஊராக நடந்தவர்கள் என்பது என் எண்ணம். ஆயினும் அவள் கேட்டபின், அந்த எண்ணத்தைப் பற்றிக்கொண்டிருப்பது எனக்கே சிறுமையாகப் பட்டது. ஜலகண்டாபுரத்திலிருந்து பேருந்து ஏறிச் சேலத்துக்குப் போனேன்.

எங்கள் ஊரில் ஆம்ப்ளிஃபையர் வாங்கப் போகிறவர் கடைக்காரரிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: தறி ஓடும்போது பாட்டுக் கேட்குமா? பட்டறைகளில் பகல் முழுதும் பாட்டு ஓடும். தறியை வெல்லாத பெட்டியை எவரும் மதிக்கமாட்டார்கள். நானும் அதையே கேட்டேன்.

கடைக்காரர் நடுவயதுக்காரர்; உள்ளேயே உட்கார்ந்து பெட்டிகளைக் கோத்து விற்பவர். ஒரு பெரிய பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். “தூக்கிப் பாருங்க சாமி. இடுப்புப் புடிச்சுக்கும். அத்தனையும் டிரான்ஸ்பார்மர். வெளிய ஆயிரம் வாட்டுன்னு அச்சடிச்சுக் குடுப்பாங்க, தூக்குனாத் தக்கையா இருக்கும். வாட்டு பொய் சொல்லும், எடை சொல்லாது.”

தூக்கினேன். கனமாகத்தான் இருந்தது. ரிமோட், புளூடூத், பென்டிரைவ் செருகும் இடம், மைக்குக்குத் தனிக் குமிழ், தாளத்துக்கேற்ப மின்னும் நீல விளக்கு எல்லாம் இருந்தன. கடைக்காரர் ஒரு பறையிசையை ஓடவிட்டார். மேசையிலிருந்த தேநீர்க் குவளை நடுங்கியது. வேறொன்றும் சோதித்துப் பாராமல், இரண்டு ஸ்பீக்கரும் ஒரு மைக்கும் சேர்த்து வாங்கிவந்துவிட்டேன்.

மறுநாள் காலை நீராடி, விளக்கேற்றி, மைக்கைக் கையில் பிடித்து ஓதினேன். எங்கள் தறிகளை விற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் இருபுறமும் அண்டை வீட்டுத் தறிகள் ஓடுகின்றன. அவற்றை வெல்லுமளவு ஒலியைக் கூட்டினேன். ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. அவள் இரு கைகளையும் மார்பில் வைத்துக்கொண்டாள்.

“என்ன கேக்குது?” என்று சைகையோடு கேட்டேன்.

“நெஞ்சுக்குள்ளார தறி ஓடறாப்புல இருக்குதுங்க. சொல்லு ஒண்ணும் வெளங்கலீங்க.”

அன்று நான் ஓதுவதைப் பாதியில் நிறுத்தினேன். அப்படி நிறுத்தியது என் நினைவில் அதுவே முதல் முறை.

பெட்டியைச் சாக்கில் கட்டி மீண்டும் பேருந்து ஏறினேன்.

“என்னங்கய்யா, பாடலீங்களா?” என்றார் கடைக்காரர்.

“பாடுது. வூடே அதிருது. சொல்லு மட்டும் வரமாட்டீங்குது.” அவளுடைய நிலையைச் சொன்னேன்.

“இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே. நீங்க தறின்னீங்க, நான் தறிக்குக் குடுத்தேன்” என்றவர், அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு கையளவு பெட்டியை எடுத்தார். விளக்கு இல்லை, ரிமோட் இல்லை. மைக்குக்கு ஒரு குமிழ், தடித்த ஓசையின் பேஸுக்கு ஒன்று, கூர்ந்த ஓசையின் டிரெபிளுக்கு ஒன்று. பின்புறம் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி இணைக்க இரண்டு முனைகள்.

“இது தக்காளி விக்கிற வண்டிக்காரங்க வாங்கறது. சாமி பாட்டுக்குன்னு கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான்.”

இம்முறை நான் அவசரப்படவில்லை. பாட்டு எதுவும் போடவேண்டாம் என்றேன். ஒலியைக் கூட்டி, மைக்கைத் தொடாமல், ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டேன். மெல்லிய இரைச்சல் இருந்தது, உறுமல் இல்லை. பிறகு கடைக்கு வெளியே நின்றுகொண்டு, கடைக்காரரை உள்ளிருந்து பேசச் சொன்னேன். அவர் காய்கறிகளின் பெயர்களை வரிசையாகச் சொன்னார். பேஸைக் குறைத்து டிரெபிளைக் கூட்டியபோது கத்தரிக்காயின் ககரமும் தகரமும் தனித்தனியே தெருவில் வந்து விழுந்தன.

“ஆனா தறி ஓடுனா அதுக்கு முன்னால இது நிக்காதுங்க” என்றார்.

“தறி ஓடாத நாள் ஒண்ணு இருக்குது.”

மாதத்துக்கு ஒருமுறை பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவார்கள். அன்று மட்டுமே எங்கள் தெருவில் மனிதக் குரல் தெளிவாகக் கேட்கும். மின்சாரம் இல்லாதபோது பெரிய பெட்டி வெறும் இரும்பு. எங்கள் வீட்டில் இன்வெர்ட்டரும் கிடையாது. அதற்காகவே அந்த இரண்டு முனைகளையும் மறுபடி மறுபடி தொட்டுப் பார்த்தேன். பெரிய பெட்டியைக் கொடுத்துவிட்டு இதை எடுத்துக்கொண்டேன்; சிறு பேட்டரி ஒன்றும் வாங்கிக்கொண்டேன்.

மின்நிறுத்த நாள் வர பதினொரு நாள் காத்திருந்தோம். காலை ஒன்பது மணிக்குத் தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ஸ்பீக்கரை அவள் நாற்காலிக்கு அருகில், காதின் உயரத்துக்கு வைத்தேன். ஒலியை மிகக் குறைவாகத் தொடங்கி, அவள் கை உயர்த்தியபோது நிறுத்தினேன். ஓதினேன்.

மூன்றாம் பாட்டில் அவள் என் உதடுகளைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். கண்கள் மூடியிருந்தன. வரியைத் தவறவிடாமல் கொண்டுசெல்ல வேண்டியிருந்ததால் நான் அழவில்லை. பதிகம் முடிந்தது. அவள் கண்களைத் திறக்கவில்லை.

“ஏனுங்க, உங்க கொரலு எப்பங்க இப்படி ஒடைஞ்சுது?”

எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. “ஒடைஞ்சா போச்சு?” என்று மைக்கிலேயே கேட்டேன்.

“கிழவன் கொரலா இருக்குது. நான் பழைய கொரலையே நெனைச்சுக்கிட்டு உங்க வாயைப் பாத்துட்டு இருந்திருக்கறேன்.”

அவள் கண்ணைத் திறந்து என்னை நெடுநேரம் பார்த்தாள். பிறகு நாற்காலியை ஸ்பீக்கருக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“உங்களுக்கு மூச்சு வாங்குது. நின்னு நின்னு சொல்லுங்க. கரண்டு வர அஞ்சு மணி ஆகும்.”