பஞ்சர் ஒட்டாத கடை

திருவொற்றியூரில் எங்கள் தெருமுனையில் அத்தை கடை வைத்தபோது, அங்கே என்ன கிடைக்கும் என்பதைவிட என்ன கிடைக்காது என்பதுதான் ஊருக்கு முதலில் தெரிந்தது. பஞ்சர் ஒட்டமாட்டார்கள். காற்றடிக்க மாட்டார்கள். செயின் கழன்றால் மாட்டித் தரமாட்டார்கள். சைக்கிளும் விற்கமாட்டார்கள். சைக்கிளில் மாட்டிக்கொள்கிற சாமான்கள் மட்டும்தான் உண்டு. பெல், பூட்டு, சீட் கவர், முன்னால் மாட்டும் கூடை, கைப்பிடியில் தொங்கும் குஞ்சம், பின்னால் மினுக்கும் சிவப்பு லைட்டு. இதை வைத்து ஒரு கடை ஓடுமா என்பதுதான் அந்த வருடம் எங்கள் வீட்டில் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் தினமும் நடந்த விவாதம்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. மெட்ரோ ரயிலுக்காக நெடுஞ்சாலையின் நடுவே தகரம் வைத்து அடைத்திருந்த காலம். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். வண்ணாரப்பேட்டையில் ஒரு ரெடிமேட் கடையில் வருடக்கணக்கில் நின்றுகொண்டே வேலை பார்த்தவள். அந்தக் கடைக்குப் பக்கத்து சந்தில் பட்டன் மட்டுமே விற்கிற கடை ஒன்று இருந்ததாம். சட்டை விற்பதில்லை, துணி விற்பதில்லை, தைத்துக் கொடுப்பதும் இல்லை. பட்டன்தான். அந்தக் கடைக்காரர் எப்போது பார்த்தாலும் உட்கார்ந்தபடி வியாபாரம் செய்வதை அத்தை நின்றபடி பார்த்திருக்கிறாள்.

“பட்டன மட்டும் வித்துகினு அந்தாளு பொழைக்கல?” என்பாள் அத்தை.

“சட்டைய எல்லாரும் போட்றான். சைக்கிள எவன் ஓட்றான்?” என்பார் அப்பா. அவரே தினமும் மணலிக்கு சைக்கிளில்தான் வேலைக்குப் போய்வந்தார் என்பதை யாரும் அந்த நேரத்தில் எடுத்துச் சொல்லமாட்டார்கள்.

அம்மாவின் கருத்து சுருக்கமானது. பஞ்சர் ஒட்டாத சைக்கிள் கடை, சட்னி வைக்காத இட்லிக் கடை.

பேச்சு கடைசியில் ஓர் ஒப்பந்தத்தில் வந்து நின்றது. பொன்னேரியில் அரிசிக் கடை வைத்திருந்த ஒருவர் வீட்டிலிருந்து அத்தையைப் பெண் கேட்டிருந்தார்கள். நல்ல மனிதர்கள், வெகுநாள் காத்திருக்கவும் தயாராக இருந்தார்கள். தை மாதம்வரை கடையை நடத்திப் பார்ப்பது, ஓடவில்லையென்றால் இழுத்து மூடிவிட்டு பொன்னேரிக்குச் சரி சொல்வது. நிபந்தனை போட்டவர் அப்பா. “சரி” என்ற ஒரு சொல்லோடு ஒத்துக்கொண்டவள் அத்தை. எனக்கு அது பள்ளிக்கூடத்து விளையாட்டு விழாப் பந்தயம் மாதிரிதான் பட்டது. யார் ஜெயிப்பார் என்று பார்ப்பதற்காகவே பள்ளி விட்டதும் நேராகக் கடைக்குப் போய் உட்கார்ந்துகொள்வேன்.

அத்தையிடம் ஒரு கணக்கு இருந்தது. அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் சேரும் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் தருவார்கள். எல்லாம் ஒரே நிறம், ஒரே உயரம். ஸ்டாண்டில் நிறுத்தினால் தன்னுடையது எது என்று தெரியாது. “ஒவ்வொருத்திக்கும் தன் சைக்கிள் தனியா தெரியணும்னு ஆசை இருக்காதா?” என்பாள். அதற்காகவே பாரிமுனையில் வாங்கி வந்த ஒவ்வொரு பெல்லின் மூடியிலும் நெயில் பாலிஷால் ஒரு சின்னப் பூ வரைந்து வைத்தாள். ஐந்து இதழ், நடுவே மஞ்சள் புள்ளி. வாடிக்கையாளர் இல்லாத நேரமெல்லாம் பூப் போடுவதிலேயே போகும். அத்தையின் கடையில் நெயில் பாலிஷ் வாசனையும் ரப்பர் வாசனையும் கலந்து அடிக்கும். மணலிப் பக்கமிருந்து காற்று திரும்பும் நாட்களில் அங்குள்ள தொழிற்சாலைகளின் நாற்றமும் சேர்ந்துகொள்ளும்.

கணக்கு தப்பவில்லை. சைக்கிள் கொடுத்த வாரம் நீலப் பாவாடைகளும் வெள்ளைத் தாவணிகளுமாகக் கடை நிரம்பி வழிந்தது. குஞ்சம் தீர்ந்துபோய் அத்தை மறுபடி பாரிமுனைக்கு ஓடினாள். பந்தயம் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். ஆனால் எல்லாப் பெண்களும் வாங்கி முடித்த பிறகுதான் தெரிந்தது, ஒரு சைக்கிளுக்கு ஒரு கூடை போதும் என்பது. அடுத்த பிளஸ் ஒன் வர இன்னும் ஒரு வருடம் இருந்தது. தை அதற்கு வெகு முன்னாலேயே வந்துவிடும்.

அதன் பிறகு கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் டயரைக் காட்டி, “பஞ்சர் போடுவியாம்மா?” என்று கேட்டார்கள். அத்தை எதிர்ச்சாரியைக் கை காட்டுவாள். அங்கே பழைய பஞ்சர் கடை அண்ணன் ஒருவர் இருந்தார். அத்தை கடை வைத்ததால் வியாபாரம் பெருகிய ஒரே ஆள் அவர்தான். நன்றிக்காக எங்களுக்கு அவ்வப்போது டீ வாங்கி அனுப்புவார்.

அப்படிப்பட்ட நாட்களில்தான் பெரிய மீசை வைத்த ஒருவர் வர ஆரம்பித்தார். டிவிஎஸ் ஃபிப்டியில் வருவார், வண்டியை அணைக்காமலேயே, “ஒரு பெல்லு, ஒரு செவப்பு லைட்டு” என்பார். பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். சில நாள் கழித்து மறுபடி வந்து அதையே கேட்பார். சில சமயம் சீட் கவரும் வாங்குவார். நிறம் பார்ப்பதில்லை. பேரம் பேசுவதில்லை. பெல்லை ஒரு தடவை அடித்துப் பார்ப்பதுகூட இல்லை.

எனக்கு அவர் பெரிய புதிராகிப்போனார். இத்தனை பெல்லை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் என்ன செய்வார்? வீட்டில் நிறையப் பிள்ளைகளோ? கோயிலுக்குக் கட்டுகிறாரோ? ஒருநாள் தைரியமாகக் கேட்டேவிட்டேன்.

“மாமா, ஒங்க சைக்கிள் எங்க?”

அவர் என்னையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தார். “வூட்ல கீது” என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

அத்தைக்கு வேறு சந்தேகம். மணலியில் எவனோ இதே மாதிரி கடை வைக்கப் போகிறான், சரக்கு எப்படி என்று பார்க்கத்தான் இந்த ஆளை அனுப்புகிறான் என்றாள். சொல்லும்போது முகத்தில் கவலையைவிடப் பெருமைதான் அதிகம் இருந்தது. போட்டிக்கு ஆள் வருகிறதென்றால் வியாபாரம் இருக்கிறது என்றுதானே அர்த்தம். அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடமும் சொன்னாள். அப்பா, “அப்டியா?” என்றார். “கஷ்டம்தான் ஒனக்கு” என்று சொல்லி ரசம் ஊற்றிக்கொண்டார்.

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கு மட்டும் அப்பாவின் தொழிற்சாலையில் குடும்பத்தாரை உள்ளே விடுவார்கள். குழாய்களும் தொட்டிகளுமாக இருந்த அந்த இடத்தை மாவிலையும் காகிதத் தோரணமும் கட்டி கல்யாண வீடு மாதிரி ஆக்கியிருப்பார்கள். அம்மாவும் நானும் போயிருந்தோம். அத்தை கடையில் பூஜை போட வேண்டும் என்று வரவில்லை. இயந்திரங்களுக்குச் சந்தனம் வைத்து முடித்ததும் சைக்கிள் ஸ்டாண்டுக்கும் சூடம் காட்டினார்கள். கழுவித் துடைத்து வரிசையாக நிறுத்தியிருந்த சைக்கிள்களைப் பார்த்தபடி போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

ஒவ்வொரு ஹேண்டிலிலும் அத்தையின் பூ. எண்ணெயும் துருவும் ஏறிய, கேரியரில் சணல் கயிறு சுற்றிய, பெரிய பெரிய ஆண்களின் சைக்கிள்களில் இளஞ்சிவப்பு நெயில் பாலிஷ் பூ. வரிசையின் கடைசிவரை ஓடிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் இல்லை, ஆனால் பாதிக்கு மேல் இருந்தது. பின் மட்கார்டுகளில் சிவப்பு லைட்டு. பூஜைப் பொரியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் நம் மீசைக்காரர். என்னைக் கண்டதும் கேட்காமலேயே எனக்கு ஒரு பொட்டலம் கூடக் கொடுத்தார். பக்கத்தில் அப்பா நின்றுகொண்டு, கூரையில் கட்டிய தோரணம் சரியாக இருக்கிறதா என்று மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் புரிந்ததெல்லாம் ஒன்றுதான். அத்தை ஜெயித்துவிட்டாள். வீட்டுக்குப் போகும் வழியிலேயே கடைக்கு ஓடி, மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன். அத்தை பூசணிக்காய் உடைத்த இடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். பெருக்குவது நின்றது.

“அந்த மீசைக்காரன் ஒங்கப்பா கூடவா வேல செய்றான்?”

“ஆமா அத்த. ஒரே செக்சன்.”

நான் எதிர்பார்த்த சந்தோஷம் எங்கே போயிற்று என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் மிச்சம் இருந்த இடத்தையும் பெருக்கி, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஷட்டரை இறக்கினாள்.

லீவு முடிந்து தொழிற்சாலை திறந்த அன்று, பகல் ஷிப்ட் மாறும் நேரத்துக்கு அத்தை என்னையும் கூட்டிக்கொண்டு மணலிக்கு பஸ் ஏறினாள். எனக்குப் பள்ளி இன்னும் திறக்கவில்லை. கேட்டுக்கு எதிரே, டேங்கர் லாரிகள் நிற்கும் ஓரத்தில் நின்றோம். சங்கு ஊதியதும் சைக்கிள்கள் வெளியே வர ஆரம்பித்தன. பூ வைத்த முதல் சைக்கிளையே அத்தை கை நீட்டி நிறுத்தினாள்.

“இந்த பெல்லு எங்கண்ணா வாங்குனீங்க?”

“நா எங்க வாங்குனேன்? எங்க செக்சன் அண்ணாத்த சொம்மா குட்தாரு. பூஜைக்கு வண்டி பளபளன்னு இருக்கணும்னாரு.” அப்பாவின் பெயரைச் சொன்னார்.

அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும். ஒவ்வொரு பதிலுக்கும் அத்தையின் முகம் இன்னும் கொஞ்சம் இறுகியது. வீட்டுக்குப் போகலாம் என்று அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன். அவள் நகரவில்லை. எல்லோரையும் கேட்டுவிட்டுத்தான் போவது என்று வந்திருந்தாள்.

நரைத்த தலையோடு ஒருவர் வந்தார். அவர் சைக்கிளிலும் பூ இருந்தது.

“ஒங்களுக்கும் எங்கண்ணன்தான் குட்தாரா?”

“நீதான் அந்தக் கடக்கார பொண்ணா?” என்று அவர் காலை ஊன்றி நின்றார். “பெல்லு அவுரு குட்தாரு. பெல்ல உடு. அந்த செவப்பு லைட்டு கீதே, அதான் மேட்டரு. காலைல இருட்டுல போசொல்ல கண்டெய்னர்காரன் தூரத்துலயே பாத்து ஒதுங்கறான். என் பையன் ஹார்பர்ல வேல செய்றான், அவனுக்கு ஒண்ணு வாங்கலாம்னு எத்தினி வாட்டி வந்தேன் தெரியுமா? எப்ப வந்தாலும் ஷட்டரு எறங்கியே கீது.”

“எப்ப வந்தீங்க?”

“ஷிப்ட்டுக்கு வரசொல்ல. விடிகாலைல.”

“அந்நேரத்துக்கு எவன் கடைய தொறப்பான்?”

“டீக்கடக்காரன் தொறக்கறான்ல” என்றார் அவர், மிகச் சாதாரணமாக.

அதற்குள் இன்னும் சிலர் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவருக்கு மழையில் நனையாத சீட் கவர் வேண்டும். ஒருவருக்கு டிபன் பாக்ஸ் மாட்ட ஹேண்டிலில் ஒரு கொக்கி. ஸ்டாண்டில் எப்போதும் திருட்டுப்போகிறது, நல்ல பூட்டு கிடைக்குமா என்று ஒருவர். குஞ்சம் யாரும் கேட்கவில்லை. அத்தை கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இருந்த இறுக்கம் எந்த இடத்தில் விட்டுப்போனது என்று நான் கவனிக்கத் தவறிவிட்டேன்.

கூட்டம் கலைந்தபோது அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். எங்களைப் பார்த்ததும் திரும்பி உள்ளே போய்விடலாமா என்று ஒரு கணம் யோசித்த மாதிரி இருந்தது. பிறகு வந்து, என்னைத் தூக்கிக் கேரியரில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு நடந்தார். அத்தை பக்கத்தில் நடந்தாள். சாத்தாங்காடு தாண்டினோம்.

“தை மாசம்னு கெடு வெச்சது யாரு?” என்று கேட்டாள் அத்தை.

“நான்தான்.”

“அப்பறம் இன்னாத்துக்கு இந்த வேல?”

“இருட்டுல லைட்டு இல்லாம வரானுங்க. அதான்.”

“பெல்லுகூடவா இருட்டுல வேணும்?”

அப்பா சைக்கிளைப் பார்த்து நடந்தார். அத்தையின் குரல் தணிந்திருந்தது. “ஜெயிச்சா நான் ஜெயிக்கணும்ண்ணா. தோத்தாலும் நான்தான் தோக்கணும். நடுவுல நீ வராத.”

“சரி” என்றார் அப்பா. அத்தை ஒப்பந்தத்துக்குச் சொன்ன அதே மாதிரி, ஒரே சொல்.

மறுநாளிலிருந்து அத்தை டீக்கடைக்காரரோடு சேர்ந்து விடிவதற்கு முன்பே ஷட்டரைத் தூக்க ஆரம்பித்தாள். காலையில் கடை, பகலில் தூக்கம், சாயங்காலம் மறுபடி கடை. கூடைகள் பின்னுக்குப் போயின. லைட்டும் பூட்டும் கொக்கியும் முன்னுக்கு வந்தன. மீசைக்காரர் மறுபடி வரவில்லை. அவருக்குப் பதிலாக வந்தவர்கள் சொந்த சைக்கிளில் வந்தார்கள், பேரம் பேசினார்கள், லைட்டைப் பலதடவை அணைத்துப் போட்டுப் பார்த்தார்கள். கடை அமோகமாக ஓடியது என்று சொல்லமுடியாது. இன்றைக்கும் அப்படித்தான், ஓடிக்கொண்டிருக்கிறது. நின்றுபோகவில்லை.

தை பிறந்து சில நாளில் பொன்னேரியிலிருந்து போன் வந்தது. அப்பா கூடத்தில் நின்று பேசினார். “தங்கச்சி கடைய உட்டுட்டு எங்கயும் வராதுங்க” என்றார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும். “இல்லங்க, நல்லாதான் ஓடுது” என்றார். தங்கையைக் கட்டிக்கொடுக்காத அண்ணன் என்று சொந்தத்தில் பேசுவார்களே என்று அம்மா சமையலறையிலிருந்து மெல்லச் சொன்னாள். அப்பா கேட்காதமாதிரி சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.

எனக்கோ பந்தயத்தின் முடிவே இன்னும் சரியாக விளங்கவில்லை. அப்பா எந்தக் கட்சி? ஓடாது என்று தினமும் வாதாடியவர் அவர். ஓட வைத்துப் பார்த்தவரும் அவர்தான். அவர் வேலை முடிந்து வந்து வாசலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்று கேட்டேன்.

“நைனா, கட ஓடணும்னு நெனச்சியா, ஓடக் கூடாதுன்னு நெனச்சியா?”

அப்பா கழற்றிய ஷூவை ஓரமாக வைத்தார்.

“ரெண்டுந்தான்” என்றார்.

பள்ளிக்கூடத்தில் இப்படி இரண்டு விடையிலும் டிக் அடித்தால் டீச்சர் சைபர் போடுவார். அப்பாவுக்குப் பதில் தெரியவில்லை, சமாளிக்கிறார் என்று முடிவு செய்துகொண்டு விளையாடப் போய்விட்டேன்.