கரை இல்லாத மச்சான்

கரைவலை இழுபடும்போது யார் வந்து கயிற்றில் கை வைத்தாலும் அவருக்கு ஒரு கறிக்கு மீன் உண்டு. ஒலுவில் கரையில் அது எழுதாத சட்டம். வலை ஒதுங்கும் நேரம் பார்த்து ஓடிவந்து, கயிற்றைத் தொட்டுவிட்டு நிற்கிற விதவைப் பெண் ஒருத்தி இருந்தாள். இழுத்துக் களைத்தவர்கள் முணுமுணுப்பார்கள். வலைக்குப் பொறுப்பாயிருந்த என் மச்சான், என் அக்கா ராத்தாவின் மாப்பிள்ளை, அவர்களைப் பேசவே விடமாட்டார். "கை வெச்சாவா இல்லியா? மீன நீங்களாடா பெத்த?" என்று சத்தம் போட்டு, கீரிமீனும் சூடைமீனுமாக இரண்டு கை அள்ளி அவளுடைய பையில் போடுவார்.

நான் கல்முனையில் ஆசிரியை. மனிதனை ஆக்குவது பிறவிக் குணமா, சூழலா என்று பாடசாலையில் ஒருமுறை பட்டிமன்றம் வைத்தார்கள். பிறவிக் குணமே என்று அடித்துப் பேசினேன். மச்சானைத்தான் உதாரணம் காட்டினேன். அந்த மனிதரைப் பாலைவனத்தில் கொண்டுபோய் விட்டாலும் அள்ளித்தான் கொடுப்பார் என்றேன். கைதட்டினார்கள். அந்த வாய்க்கொழுப்புக்கு அல்லாஹ் என்னைச் சும்மா விடவில்லை.

கடல் கரையை அரித்துக்கொண்டே வந்தது. தென்னைகள் சரிந்தன, வலை இழுக்க மணல் இல்லாமல் போயிற்று. வீட்டு முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்த மச்சானுக்குக் கல்முனையில் ஒரு புடைவைக் கடையில் வாசல் காவல் வேலை எடுத்துக் கொடுத்தது நான்தான். நல்ல மனிதர் எங்கே நின்றாலும் நல்ல மனிதர்தானே என்ற நினைப்பு. முதல் மாதம் ஸலாம் சொல்லிச் சொல்லிக் கதவு திறந்தார். ஒரு சாரி களவு போய், முதலாளியிடம் ஏச்சு வாங்கிய பிறகு அவர் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. வருகிறவர்களின் கையைத்தான் பார்த்தார்.

போன பெருநாளுக்கு முந்திய கிழமை நான் அந்தக் கடையில் நின்றபோது கரையில் கயிற்றைத் தொட்டு நிற்கிற அதே பெண் பேத்திக்குச் சட்டை பார்க்க வந்தாள். விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பியவளை மச்சான் வாசலில் மறித்தார்.

"பையத் திறங்க."

அவள் சிரித்தாள். பகிடி என்று நினைத்திருப்பாள், பாவம். "என்னத் தெரியல்லியா தம்பி?"

"தெரியும். திறங்க."

பையை வாங்கிக் கவிழ்த்தார். ஒரு சீப்பும் ஆஸ்பத்திரித் துண்டுச்சீட்டும் விழுந்தன. சனம் பார்த்துக்கொண்டு நிற்க, அவள் குனிந்து பொறுக்கிக்கொண்டு போனாள். நான் மச்சானிடம் போனேன்.

"என்ன மச்சான் இது? அவ களவெடுப்பாவா?"

"எடுக்கமாட்டா. எனக்குத் தெரியாதா?" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. "இந்த வாசல்ல நின்டு நின்டு எல்லாரும் கள்ளனாத்தான் தெரியிது மச்சி. வீட்டுலயும் சீனிப் போத்தல்ல மட்டத்த அடையாளம் பாத்து வெச்சிட்டுத்தான் வாறன். ராத்தாட்டச் சொல்லிராதீங்க."

"இந்த வேலய உட்டுட்டு வந்திருங்க மச்சான். பழயபடி கரைக்குப் போனா எல்லாம் சரியாகும்."

"எந்தக் கரைக்கி?"

வெளியே போகத் திரும்பினேன். மச்சான் கதவில் கையை வைத்தார்.

"உங்கட பையையும் ஒருக்காக் காட்டிட்டுப் போங்க."

திறந்து காட்டினேன். அடிவரை பார்த்தார்.